கில் ஸ்ட்ராக்கா ஒருவனை மேலே அனுப்பிய விதம்

பேஸ்பாலில் கேட்சராக இருப்பவனுக்கு இரண்டு உறுப்பு கட்டாயம் கெட்டுப்போகும். ஒன்று முழங்கால், இன்னொன்று வாய். மட்டை பிடித்தவனுக்குப் பின்னால் ஆட்டம் முழுக்கக் குந்தி உட்கார்ந்திருப்பதால் முழங்கால் போகிறது. அவன் காதுக்கு எட்டும் தூரத்திலேயே இருப்பதால் வாய் போகிறது. கில் ஸ்ட்ராக்காவுக்கு இரண்டும் சீக்கிரமே போய்விட்டன. முழங்காலை நான் பார்த்துக்கொண்டேன். வாயை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அணியில் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவதும் தோளுக்கு ஐஸ் வைப்பதும் முதுகு பிடித்துவிடுவதும் என் வேலை. எல்லோரும் என்னை டாக்டர் என்பார்கள். எந்தக் கல்லூரியும் அப்படிச் சொன்னதில்லை. அயோவாவில் ஆற்றோரமாக இருக்கும் கால்டர் ஃபால்ஸ் என்ற ஊரில், கொக்குகள் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு சின்ன லீக் அணி எங்களுடையது. கில் அங்கே ஆடிய காலத்திலும் நான் இருந்தேன். அவன் மேனேஜராகத் திரும்பி வந்தபோதும் இருந்தேன். அதனால் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவன்மேல் கோபப்படவும் உரிமை உண்டு.

நெப்ராஸ்காவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவரின் மகன் அவன். மட்டையடியில் சுமார்தான். பந்து வளைந்து வந்தால் கொசு விரட்டுவதுபோல மட்டையை வீசுவான். ஆனால் குந்தி உட்கார்ந்துவிட்டால் அவனைப்போல ஏமாற்றுக்காரன் கிடையாது. ஒரு சாண் வெளியே போன பந்தைக் கையுறையில் வாங்கி, நோகாமல் உள்ளே இழுத்து, அங்கேயே பிடித்ததுபோல் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். சரியான பந்து என்று அம்பயர் நம்பிவிடுவார். அதோடு பேச்சு வேறு.

"ஏம்ப்பா, மூணாவது வரிசையில இருக்கிறது உன் மாமியாரா? கையில என்னமோ பொட்டலம் வெச்சிருக்காங்களே?"

மட்டை பிடித்தவன் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்ப்பான். அதற்குள் பந்து போயிருக்கும்.

"கில், வாயை மூடு" என்பார் அம்பயர்.

"மூடினா மூச்சு விட முடியாதுங்க. மூக்கு உடைஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

சின்ன லீக்கில் ஆடுகிற அத்தனை பேருக்கும் ஒரே கனவுதான், மேலே பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வர வேண்டும். பலருக்கு வராது. கில்லுக்கு வந்தது, அதுவும் தாடி நரைக்கத் தொடங்கிய வயதில். அப்போது எங்கள் மேனேஜர் பர்செல் என்ற கிழவர்; மேனேஜரை ஸ்கிப்பர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கில்லை அறைக்குள் கூப்பிட்டு, பையைக் கட்டு, உன்னை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார். கில்லுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன், ஸ்கிப்பர்?"

"ஏன்னு நீயே சொல்லு."

கில் சொன்னான். பந்து வீசும் பிட்சரின் பூட்ஸுக்குள் உயிருள்ள மீனை விட்டது தான்தான் என்றான். கெடு நேரம் தாண்டி ஓட்டலுக்குப் பின்பக்க ஏணி வழியாக ஏறி வந்ததைச் சொன்னான். பர்செல் கிழவரைப்போலவே நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்ததையும் சொன்னான். கிழவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதேடா. மேல இருக்கிற கேட்சருக்கு விரல் உடைஞ்சுபோச்சு. நாளைக்கு நீ அங்க இருக்கணும்" என்றார். குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. உள்ளே ஒளிந்திருந்த நாங்கள் ஒரு பக்கெட் ஐஸ் தண்ணீரை அவன் தலையில் கொட்டினோம். கில் நனைந்த கோழிமாதிரி நின்று அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான்.

அந்தக் கேட்சரின் விரல் ஒட்டும்வரை கில் பெரிய லீக்கில் இருந்தான். பெரும்பாலும் பெஞ்சில்தான். பிறகு திரும்பி வந்துவிட்டான். அங்கே ஆடியதைப் பற்றி அதிகம் பேச மாட்டான். பர்செல் அறையில் பட்ட பயத்தையும் அதன் பின்னாலேயே வந்த சந்தோஷத்தையும்தான் வாய் ஓயாமல் சொல்வான். "பயந்து செத்தவனுக்குத்தான் டாக்டர், அந்தச் சேதியோட ருசி தெரியும்" என்பான்.

முழங்கால் ஒத்துழைக்காமல் ஆட்டத்தை விட்டபின், வேறு வேலை எதுவும் தெரியாததால், அவனும் மேனேஜரானான். நல்ல மேனேஜர் என்றே சொல்ல வேண்டும். பிட்சர் சோர்வதை அந்தப் பிட்சருக்கு முன்பே கண்டுபிடிப்பான். பஸ்ஸில் யார் சாப்பிடாமல் வருகிறான், யாருக்கு வீட்டில் சண்டை, எல்லாம் அவனுக்குத் தெரியும். கெட்டுப்போன வாய் மட்டும் திருந்தவில்லை. பர்செல் கிழவரின் கூத்தை அவன் சடங்காகவே ஆக்கிவிட்டான். மேலிருந்து யாருக்காவது அழைப்பு வந்தால், நானும் மட்டையடி சொல்லித்தரும் லீராயும் பக்கெட்டோடு குளியலறைக்குள் போய் நிற்க வேண்டும். கில் வெளியே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவனிடம் பையைக் கட்டச் சொல்வான். ஏன் என்று கேட்டால், நீயே சொல் என்பான். அதற்குப் பிறகு பேசவே மாட்டான். மேசைமேல் தன் கோணல் விரல்களை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். பேசத் தெரிந்தவன் பேசாமல் இருந்தால் எதிரே இருப்பவன் அந்த இடைவெளியை நிரப்பப் பார்ப்பான். உளறிவிடுவான்.

எப்படியெல்லாம் உளறினார்கள் என்கிறீர்கள்! ஒரு நெட்டைப் பிட்சர், மைதானத்தில் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் கொக்கு வேஷத்தின் தலையைத் திருடித் தன் அண்ணன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனதை ஒப்புக்கொண்டான். இன்னொருவன் அணியின் முதலாளி மகளோடு சினிமாவுக்குப் போனதைச் சொன்னான். கில்லே நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். உள்ளே லீராயும் நானும் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரிப்போம். கடைசியில் தண்ணீர் கொட்டும்போது நனைகிறவனைப் பார்த்தால் எங்களுக்கும் கண் கலங்கும். யாருக்கும் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை, எல்வின் பெகேரோ வரும்வரை.

எல்வின் டொமினிக்கன் நாட்டுக்காரன். சான் பெட்ரோ பக்கத்தில் ஒரு கரும்பாலைக் குடியிருப்பு அவன் ஊர். மைதானத்தில் இரண்டாவது பேஸ் என்ற இடத்தைக் காத்து நிற்பான். தரையோடு வரும் பந்தை அவன் எடுப்பதைப் பார்த்தால், பந்து தானாகவே அவன் கைக்கு வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். சத்தம் போடமாட்டான், குடிக்கமாட்டான், ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாவிட்டாலும் சர்ச்சுக்குப் போவான். பஸ்ஸில் கில்லின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பிட்சர் எப்போது எதை வீசுவான் என்று கேட்டுக்கொண்டே வருவான். கில்லுக்குப் பிள்ளை கிடையாது. எல்வின்மேல் அவனுக்கு இருந்தது பிரியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை மாதத்தில் ஒரு மத்தியானம், ஆட்டத்துக்கு முன்னால், எங்களை வைத்து நடத்தும் பெரிய லீக் அணியின் மேலிடத்திலிருந்து போன் வந்தது. பெரிய அணியில் இரண்டாவது பேஸ்காரனுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது. எல்வினை உடனே அனுப்பு என்றார்கள். கில் சின்னப் பையன்போலக் குதித்தான்.

"பக்கெட்டை ரொப்புங்கடா!"

"இந்தப் பையன்கிட்ட என்ன கில் கறக்கப்போறே?" என்றான் லீராய். "அவன் ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டான். கூத்து சப்புன்னு போயிடும். நேரா சொல்லிடு."

"சர்ச்சுக்குப் போறவன்கிட்டதான் நல்ல சரக்கு இருக்கும். நீ உள்ள போய் நில்லு."

நாங்கள் போய் நின்றோம். கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டோம். எல்வின் வந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். பூட்ஸ் போடவில்லை, காலுறையோடு வந்திருந்தான்.

"கதவைச் சாத்து. உக்காரு" என்றான் கில். குரலை இறுக்கமாக வைத்துக்கொண்டான். "உன் பையைக் கட்டு. உன்னை ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

எல்வின் உட்காரவில்லை.

"ஏன், ஸ்கிப்பர்?"

"ஏன்னு நீயே சொல்லு. என் வாயால வர வேண்டாம்."

அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்: "எப்படித் தெரிஞ்சுது அவங்களுக்கு?"

லீராய் சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளினான். சரக்கு இருக்கிறது! கில் விரல்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டான்.

"இந்தப் பேர் என்னோடது இல்ல, ஸ்கிப்பர்."

லீராயின் விரல்கள் என் கையிலேயே நின்றுவிட்டன.

"எல்வின்ங்கிறது என் சித்தப்பா பையன். நான் நேரியோ. வயசும் பொய்தான். உங்க காகிதத்துல இருக்கிறதைவிட எனக்கு நாலு வயசு கூட. ஊர்ல பையன்களைப் பிடிச்சு அனுப்புற ஆள் சொன்னான், இருபது வயசுக்காரனை எவனும் வாங்க மாட்டான், பதினாறுன்னா வாங்குவான்னு. எல்வினோட பிறப்புச் சான்றிதழைக் குடுத்தாங்க. அவன் ஆடறதில்ல, அவனுக்கு எதுக்குன்னு... எங்கம்மாவுக்கு இதுல சம்பந்தம் இல்ல, ஸ்கிப்பர். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. அவங்களை ஒண்ணும் பண்ணிடுவாங்களா?"

நிறுத்தியிருக்கலாம். முதல் வார்த்தையிலேயே எழுந்து, டேய், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், நீ சொன்னது என் காதில் விழவே இல்லை என்று கத்தியிருக்கலாம். ஆயிரம் மட்டைக்காரர்கள் காதில் ஆயிரம் பொய் சொன்ன வாய் அது. அன்று அதற்கு ஒரு பொய்கூட வரவில்லை. மேசைமேல் விரித்த கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான் கில். நாங்கள் பக்கெட்டைக் கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று பிடித்தபடியே நின்றோம். கைப்பிடி என் உள்ளங்கையை அறுத்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

கடைசியில் கில், "சரி. நான் ஆபீஸ்ல பேசறேன்" என்றான்.

அதற்கு அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? மேசையைச் சுற்றி வந்து கில்லின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போலீஸை அனுப்பாம நீங்களே கூப்பிட்டு முகத்துக்கு நேரா சொன்னீங்களே, ஸ்கிப்பர். வேற யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. ரொம்ப நன்றி."

அவன் போனபிறகு நாங்கள் வெளியே வந்தோம். முதலில் பேசியது லீராய்.

"நான் எதையும் கேக்கல. நீ கேட்டியா, டாக்டர்?"

"இல்ல" என்றேன்.

"கில், ஓடு. அவனைக் கூப்பிடு. வேடிக்கைக்குச் சொன்னேன்னு சொல்லு. தண்ணியை ஊத்துவோம், பையன் ப்ளேன் ஏறட்டும்."

"நாளைக்கு இது வெளிய வந்தா?"

"வந்தா வரட்டும்யா! அது மேலிடத்துக்காரன் தலைவலி."

"எனக்குத் தெரியும்னு அவன் வாயாலயே வந்துடும், லீராய். தெரிஞ்சே அனுப்பினேன்னு என் வேலை போயிடும். எனக்கு இதை விட்டா என்ன தெரியும்? பன்னி மேய்க்கத்தான் போகணும்."

"மேய்க்கிறது! பன்னி உன்னைவிட மேல்" என்றான் லீராய்.

அப்போது போன் அடித்தது. மேலிடத்துக்காரரின் குரல் உரத்த குரல், எங்களுக்கும் கேட்டது. "சொல்லிட்டியா கில்? இந்தத் தடவை என்ன உளறினான்? அழுதானா?"

கில் எங்கள் இருவரையும் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. யாராவது ஒருவர் போனைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா என்பதுபோல் இருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவனை அனுப்ப முடியாது. பேர் அவனோடது இல்ல" என்றான்.

லீராய் பக்கெட்டை எடுத்துப்போய்க் குளியலறைச் சாக்கடையில் கவிழ்த்தான். அந்தப் பருவம் முடியும்வரை கில்லோடு ஆட்டத்தைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் வேறு அணிக்குப் போய்விட்டான்.

பையனை விமான நிலையத்துக்குக் கில்லே காரில் கூட்டிப்போனான். சோள வயல்கள் நடுவே நீளமான வழி. சொல்ல நேரம் நிறைய இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது, நீயாகச் சொல்லும்வரை என்று சொல்லவில்லை. உன்னை மேலே கூப்பிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. தான்தான் போனில் சொன்னேன் என்றும் சொல்லவில்லை. பையன் வாசலில் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனான். விசா போயிற்று. மறுபடி இந்த நாட்டுக்குள் அவன் வரவே முடியவில்லை.

இதோடு விட்டிருந்தால் கில் ஒருவேளை தேறியிருப்பான். அடுத்த வசந்தத்தில், ஃப்ளோரிடாவில் எல்லாக் கிளை அணிகளின் மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் கூடும் கூட்டம் நடந்தது. மேலிடத்துக்காரர் மேடையில் ஏறி, ஒரு பையனை வெறும் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான் நம் ஸ்ட்ராக்கா, கேட்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று புகழ்ந்தார். மண்டபமே கைதட்டியது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். கில் எழுந்து தொப்பியைத் தொட்டான். நான் அவனுக்குப் பின் வரிசையில் இருந்தேன். அவன் பிடரி ரத்தமாகச் சிவந்திருந்தது. உட்கார்ந்தபிறகு அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு அவன்மேல் அப்போதுதான் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. பரிதாபம் வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது.

அதன்பிறகு கில் யாரையும் ஏமாற்றவில்லை. மேலிருந்து அழைப்பு வந்தால் தபால்காரர்போல வாசலிலேயே நின்று சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். "கிழவனுக்கு நம்ம சந்தோஷத்துல ஒரு பங்கும் இல்ல" என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். மட்டைக்காரனிடம் விளையாட்டாகப் பேசும் இளம் கேட்சரைப் பார்த்தால், "வாயை மூடிக்கிட்டு பந்தைப் பிடி" என்று எரிந்து விழுவான். அவனைத் தெரியாதவர்கள் அவன் பிறவியிலேயே சிடுமூஞ்சி என்று நினைத்தார்கள்.

வருஷங்கள் போயின. சான் பெட்ரோ பக்கத்திலிருந்து தமாசோ என்ற ஒரு பிட்சர் எங்கள் அணிக்கு வந்தான். வந்த அன்றே கில்லைத் தேடிப் போய்க் கைகொடுத்தான்.

"நேரியோ உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார், ஸ்கிப்பர். எங்க ஊர்ல பசங்களுக்கு அவர்தான் ஆட்டம் சொல்லித் தர்றார். பொய் வயசு சொல்றவனைப் பக்கத்துலயே சேக்க மாட்டார். நாங்க எதையாவது மறைச்சா, 'அமெரிக்காவுல எனக்கு ஒரு ஸ்கிப்பர் இருந்தார், கெட்ட சேதியைக்கூட முகத்துக்கு நேரா சொன்னார், அவர்மாதிரி இருங்கடா'ன்னு உங்க பேரைத்தான் இழுப்பார்."

அன்று மாலை முதுகு பிடித்துவிடச் சொல்லி கில் என் மேசைமேல் குப்புறப் படுத்தான். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது போலும்.

"டாக்டர், குளிர்காலத்துல என்கூட ஒரு இடத்துக்கு வரியா?"

"எதுக்கு நான்?"

"தனியாப் போனா சொல்லாம திரும்பிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்."

டிசம்பரில் சான் பெட்ரோ பக்கம் போனோம். நேரியோ சாலைக்கே வந்து காத்திருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான், சிரிப்பு அதேதான். கில்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். அவன் பக்கத்தில் மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றும் ஒருவன் காலை ஊன்றி நின்றான்.

"ஸ்கிப்பர், இவன்தான் எல்வின். நெஜ எல்வின்."

"என் பேரை அமெரிக்கா கூட்டிப்போய் நல்லா சுத்திக் காட்டினீங்களாமே, சார்" என்றான் அந்த எல்வின். "பேர் பனியெல்லாம் பாத்துடுச்சு. நான்தான் இன்னும் பாக்கல."

வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நேரியோவின் அம்மா சோறும் சிவப்புப் பயறும் கோழியும் வறுத்த வாழைக்காயுமாகத் தட்டில் குவித்து வைத்தார். வருகிறவன் போகிறவனையெல்லாம் நேரியோ கூப்பிட்டு, இவர்தான் நான் சொல்வேனே, அவர் என்று காட்டினான். ஒவ்வொருவராக வந்து கில்லின் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கில் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கூனிக் குறுகினான். நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். மறுபடி மிதித்தேன்.

கரண்டியைக் கீழே வைத்தான். அவனுடைய ஸ்பானிஷ், குளிர்கால லீக்குகளில் சமையலறையில் நின்று கற்ற ஸ்பானிஷ். ஆனால் அன்று ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தான்.

"நேரியோ, அன்னிக்கு ஆபீஸுக்கு எதுவும் தெரியாது. யாருக்கும் எதுவும் தெரியாது. நான் உன்னை வெச்சு வேடிக்கை பண்ணினேன். எல்லாரையும் பண்றமாதிரி. நீ எதையாவது உளறுவே, சிரிக்கலாம்னு. உன்னை ஊருக்கு அனுப்பச் சொல்லல. மேல வரச் சொல்லித்தான் போன் வந்துது. பெரிய லீக்குக்கு."

 நேரியோ அவனையே பார்த்தான். அடி விழும் என்று நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டேன். கில் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தான்.

"என்னையா?" என்றான் நேரியோ.

"உன்னைத்தான்."

"எந்த ஊர்ல ஆட்டம்?"

"சிகாகோல."

"பெஞ்சுலயா? ஆட வெச்சிருப்பாங்களா?"

"அன்னிக்கே ஆடியிருப்பே. இரண்டாவது பேஸ். எட்டாவதா மட்டை பிடிச்சிருப்பே."

நேரியோ எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அம்மா!" என்று கத்தினான். "அம்மா, வெளிய வா! என்னைக் கூப்பிட்டாங்களாம்! பெரிய லீக்குக்குக் கூப்பிட்டாங்களாம்! சிகாகோல ஆட்டமாம்!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். மகன் அவரைத் தூக்கிச் சுற்றினான். அக்கம்பக்கத்தார் வேலியருகே கூடிவிட்டார்கள். யாரோ ஒரு வீட்டில் பாட்டை உரக்க வைத்தார்கள். எல்வின் பைக் இருக்கைமேல் ஏறி நின்றுகொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! அவங்க கூப்பிட்டது யார் பேரை? என் பேரை! பெரிய லீக் ஆளு நான்தான்! இனிமே எவனாவது வண்டிக் கூலியில பேரம் பேசினா பாரு!"

"எறங்குடா, பங்காளி! பந்தை முகத்துல வாங்கிட்டு அழுதவன்தானே நீ!" என்றான் நேரியோ.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அழுதுகொண்டே வந்து கில்லின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். என் மகன் தோற்றவன் இல்லை என்று சொல்ல இவ்வளவு தூரம் வந்தீர்களே, கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்றார். கில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். நான் ஏதாவது ஒரு ஓட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டால் தேவலை என்று இருந்தது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

நேரியோ மூச்சு வாங்க வந்து எங்கள் நடுவே உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை, பல்லெல்லாம் தெரிந்தது. கில்லின் தட்டில் இன்னொரு கோழித்துண்டை வைத்தான். அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

"ஆபீஸுக்குத் தெரியாதுன்னா, அப்புறம் யார் அவங்ககிட்ட சொன்னது, ஸ்கிப்பர்?"

கில் என்னைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ஜன்னலும் இல்லை.

"நான்தான். நீ வெளிய போன உடனே போன் வந்துது. சும்மா இருந்திருக்கலாம். என் வேலை போயிடும்னு பயந்து சொல்லிட்டேன்."

நேரியோவின் கை தட்டின் மேலேயே நின்றது. சிரிப்பு முகத்தைவிட்டுப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேலியருகே அவன் அம்மா பக்கத்து வீட்டுக்காரிகளுக்குச் சிகாகோ எங்கே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை இங்க வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மா இன்னிக்காவது சந்தோஷமா இருக்கட்டும்" என்றான்.

உடனே எழுந்து போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். அம்மாவோடு ஆடினான். எல்வினோடு வம்பு பேசினான். இருட்டும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தான். கில் இருந்த பக்கம் மட்டும் ஒருமுறையும் திரும்பவில்லை. ஸ்கிப்பர் என்றும் கூப்பிடவில்லை.

புறப்படும்போது நேரியோ எனக்கு மட்டும் கைகொடுத்தான். வண்டி வரை வந்தது அவன் அம்மாதான். வழியில் பசிக்கும் என்று மிச்சமிருந்த சோற்றையும் கோழியையும் இலையில் கட்டிக் கில்லின் மடியில் வைத்தார். கில் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.